குழந்தையின் முதல் சாப்பாடு: எதைக் கொடுப்பது என்பதைவிட எந்தப் பதத்தில்

கரண்டியில் எடுத்த கூழ், கரண்டியைச் சாய்த்ததும் மோர் மாதிரி ஓடிவிடக் கூடாது. கொஞ்சம் தயங்கி, பிறகு பொத்தென்று விழ வேண்டும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தொடங்கும் இணை உணவுக்கு இதுதான் பதம். நம் வீடுகளில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. "பிஞ்சு வயிறு, தாங்காது" என்று கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து டம்ளரில் புகட்டுவார்கள். வயிறு நிறையும், எடை ஏறாது. இரண்டு மூன்று மாதம் கழித்து எடை போட்டுப் பார்க்கும்போது, "நல்லாத்தானே சாப்பிடுறான்" என்று வீடே குழம்பும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் வயிறு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. கொள்ளும். 7 கிலோ குழந்தைக்கு 210 மி.லி., அதாவது ஏறத்தாழ ஒரு டம்ளர். தாய்ப்பால் போக, இணை உணவிலிருந்து 6 முதல் 8 மாதம் வரை நாளுக்குச் சுமார் 200 கலோரி, 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் கிடைப்பது 30, 35 கலோரிதான். ஒரே ஒரு தேக்கரண்டி நெய்யில் அதைவிட அதிகம் இருக்கிறது. தண்ணிக் கஞ்சியால் வயிறு நிரம்பிய குழந்தைக்குப் பிறகு தாய்ப்பாலுக்கும் இடமிருக்காது.

தொடங்கும் நாள் 180 நாள் முடிந்த பிறகு. கழுத்து நன்றாக நிற்க வேண்டும், சாய்ந்தாவது உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். நாம் சாப்பிடும்போது கையையே பார்ப்பது மட்டும் போதாது. நான்கு மாதக் குழந்தையும் அப்படித்தான் பார்க்கும். சில வீடுகளில் ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று சோறூட்டு விழாவுக்கு நாள் குறிப்பார்கள். பெண் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் என்றால் அவசரம், ஏழு என்றால் தாமதம். விழாவை ஏழாம் மாதத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஆறு முடிந்ததும் ஊட்டத் தொடங்கிவிடலாம், குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. கோயிலில் ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பழனி பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. ஒரு வயதுக்குள் நாக்கில் தடவும் அளவுகூடத் தேன் வேண்டாம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். சிறு குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். வீட்டு அடுப்பில் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

முதல் உணவாகக் கேழ்வரகு நல்ல தேர்வு. 100 கிராமில் 340 மி.கி.க்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது. முளைகட்டிச் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. முளைவிடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. அது மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் இறுகாது. சாதாரண மாவில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி போட்டாலே கெட்டியாகிவிடும் என்றால், முளைகட்டிய மாவை 3 மேசைக்கரண்டி போட்டும் அதே பதம் வரும். அதே வயிற்றளவுக்குள் ஒன்றரை மடங்கு உணவு.

முளைகட்ட: கேழ்வரகைக் கல் அரித்து நான்கைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, 10 முதல் 12 மணி நேரம் ஊறவைக்கவும். தண்ணீரை முழுவதும் வடித்து, ஈர வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி வைக்கவும். வெயில் காலத்தில் 24 மணி நேரத்திலேயே முளை வந்துவிடும், மார்கழியில் 36 மணி நேரம்கூட ஆகும். நடுவில் இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளித்துக் கிளறிவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிப் புளிப்பு வாடை வரும். அந்த வாடையோ பூஞ்சையின் சாம்பல் நூலோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம். முளைத்ததை நிழலில் பரப்பி, கையில் எடுத்தால் சலசலவென்று உதிரும்வரை உலர்த்தி, வேர்களைத் தேய்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை மட்டும் வறுக்கவும். நிறம் மாறும் அளவுக்கு வறுத்தால் அந்த நொதி செத்துவிடும். பிறகு முளைகட்டியதன் பாதிப் பயன் போய்விடும். அரைத்து மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து பாலெடுத்துக் காய்ச்சுவது அப்போதைக்கு நல்ல மாற்று.

கூழ் காய்ச்சும்போது மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். சின்னத் தீயில் 6 முதல் 8 நிமிடம் கிளறினால் பச்சை வாசம் போய் மேலே ஒரு மினுமினுப்பு வரும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால், வேண்டிய பதத்துக்கு ஒரு படி முன்பே இறக்குங்கள். அப்படியும் இறுகிவிட்டால் பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் இரண்டு கரண்டி சேர்த்துத் தளர்த்தலாம். சாதாரண அரிசிக் கூழை நல்ல கெட்டியாகக் காய்ச்சி, சற்று ஆறியதும் முளைகட்டிய மாவு அரைத் தேக்கரண்டி தூவிக் கிளறினால் சில நிமிடங்களில் அது தானாக இளகும். தூவிய மாவு வேகாதது, ஆகவே மறுபடி ஒரு கொதி விட வேண்டும்.

முதல் நாள் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும், அதுவும் நாளுக்கு ஒருமுறை. பத்து நாளில் இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் இரண்டு மூன்று வேளையாகி, ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் பாதி என்று வரும். ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை, நடுவில் ஒரு சிறுதீனி. ஒரு வயதுக்கு மேல் அதே கிண்ணத்தில் முக்கால் முதல் முழு அளவு. இவையெல்லாம் சராசரி. இன்று பாதிக் கிண்ணம் சாப்பிட்ட குழந்தை நாளை நான்கு கரண்டியோடு வாயை மூடிக்கொள்ளும்.

இரண்டாவது வாரத்திலேயே பருப்பு சாதம் வந்துவிடலாம். 2 பங்கு அரிசிக்கு 1 பங்கு பாசிப்பருப்பு. 3 மேசைக்கரண்டி அரிசி என்றால் ஒன்றரை மேசைக்கரண்டி பருப்பு, சிட்டிகை மஞ்சள், நான்கு சீரகம், நான்கு மடங்கு தண்ணீர். வீட்டுச் சோறு வைக்கும் குக்கரிலேயே ஒரு சின்ன டபராவில் இதையும் வைத்தால் தனி அடுப்பு தேவையில்லை, ஐந்து விசிலில் மசிந்துவிடும். அரைக் கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி நெய். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமை. பருப்பை வடித்த தண்ணீரை மட்டும் சோற்றில் பிசைந்து கொடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அதில் புரதம் பெயருக்குத்தான். பருப்பையே கொடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாமல் போவதற்கு முதன்மையான காரணம் இரும்புச்சத்து. வயிற்றில் இருக்கும்போது சேமித்தது ஏறத்தாழ அந்த நேரத்தில் தீர்கிறது. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வது குறைவு. தக்காளி, கடைசியில் பிழிந்த இரண்டு சொட்டு எலுமிச்சை, நெல்லிக்காய் என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது கூடவே இருந்தால் கொஞ்சம் கூடும். அசைவம் சாப்பிடும் வீடுகளில் "ஒரு வயசு ஆகட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை. நன்றாக வேகவைத்து மசித்த கோழி ஈரல் வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். மீனில் விரால், கொடுவா போல சதை தனியாகக் கழன்று வருவது வசதி. வேகவைத்த சதையை வெள்ளைத் தட்டில் பரப்பி விரலால் தடவிப் பார்த்தால் முள் அகப்பட்டுவிடும். சுறாவில் பாதரசம் சேரும். தாய்க்குப் பால் சுரக்க சுறாப்புட்டு வைக்கும் வீடுகளில் அதையே குழந்தைக்கும் மசித்துக் கொடுக்க வேண்டாம். இவற்றோடு, 6 மாதம் முதல் 5 வயது வரை வாரத்துக்கு இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து டானிக் அரசுத் திட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் வழியே கிடைக்கிறது. கொடுத்த பிறகு மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

புதிய உணவு எதையும் காலையில் தொடங்குங்கள். இரவு எட்டு மணிக்கு முதன்முதலாக முட்டை கொடுத்துவிட்டு, பத்து மணிக்குத் தடிப்பு வந்தால் ஆட்டோ தேடி அலைய வேண்டியிருக்கும். காய், பழம், தானியம் என்றால் இரண்டு நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பால் பொருள், முட்டை, நிலக்கடலை, கோதுமை, மீன், எள், முந்திரி இவற்றை மட்டும் ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளியில். ஒவ்வாமை பயத்தால் முட்டையையும் நிலக்கடலையையும் ஒரு வயது, இரண்டு வயது என்று தள்ளிப்போடுவது பழைய யோசனை. பிரிட்டனில் ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஒரு வயதுக்குள்ளேயே நிலக்கடலை சாப்பிடத் தொடங்கிய குழந்தைகளுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவாக இருந்தது. தள்ளிப்போடுவதுதான் வம்பு.

கடலையை முழுதாகவோ உடைத்தோ கொடுக்கக் கூடாது. வறுத்துத் தோல் நீக்கி, சுருங்கியதும் கறுத்ததும் கசப்பதுமான பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, எண்ணெய் விடும்வரை மிக்ஸியில் விழுதாக அரைத்து, வெந்நீரில் தளர்த்திக் கூழில் கலக்க வேண்டும். முதலில் கால் தேக்கரண்டி விழுதின் நுனியளவு கொடுத்து, பத்து நிமிடம் பார்த்துவிட்டு மீதி. முட்டை பத்து நிமிடம் கெட்டியாக வேகவைத்தது, மஞ்சள் கருவும் வெள்ளையும் சேர்த்தே; அரைவேக்காடு கூடாது. ஒத்துக்கொண்ட பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது தொடர வேண்டும், ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் இதை மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

தக்காளி, சாத்துக்குடி பட்ட இடத்தில் மட்டும் வாயைச் சுற்றிச் சிவந்து அரை மணியில் மறைந்தால் அது புளிப்பின் எரிச்சல்தான். உடம்பில் வேறு இடங்களில் தடிப்பு, உதடோ கண்ணிமையோ வீங்குவது, அடுத்தடுத்து வாந்தி ஆகியவை சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஒவ்வாமை. மூச்சு இழுத்தாலோ குழந்தை துவண்டாலோ 108-ஐ அழைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இன்னொரு வகை பலருக்குத் தெரியாது: சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து, தடிப்பு எதுவும் இல்லாமல், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளுத்துத் துவண்டுவிடும். பாலும் அரிசியும்கூட இதைச் செய்யலாம். "சோறு யாருக்காவது சேராமப் போகுமா" என்று விட்டுவிடாமல், எந்த உணவுக்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில் என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இருபது, இருபத்தைந்து பொருள் போட்ட சத்துமாவை இந்த வயதில் தொடங்குவதில் சிக்கல் இங்கேதான். தடிப்பு வந்தால் முந்திரியா பாதாமா கோதுமையா சோயாவா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பருப்புக் கொட்டைகளின் எண்ணெய் சில வாரத்தில் காறிப்போகும். குழந்தை ஏன் துப்புகிறது என்று நமக்குப் புரியாது. அதில் உள்ள ஒவ்வொன்றையும் குழந்தை தனித்தனியாகச் சாப்பிட்டுப் பழகிய பிறகு, ஐந்தாறு பொருளில் சிறிதளவு அரைத்தால் போதும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு நல்லதுதான். அதில் வெல்லம் சேர்ந்தே வருவதால் மேலும் இனிப்புப் போட வேண்டாம்.

இனி மிக்ஸி. முதல் மூன்று வாரத்துக்கு அது உதவி, பிறகு அதுவே தடை. ஏழு மாதத்தில் கரண்டியின் முதுகால் மசித்தது, எட்டில் சிறு கட்டிகளோடு, ஒன்பதுக்குள் கையில் எடுத்துக் கடிக்கும் துண்டுகள் என்று பதம் ஏற வேண்டும். பத்துப் பதினொரு மாதம்வரை வழுவழுவென்று அரைத்தே கொடுத்த குழந்தைகள் ஒரு பருக்கை வந்தாலும் ஓங்கரிப்பார்கள். மெல்லப் பழக்க வேண்டிய மாதங்கள் வீணாகப் போயிருக்கும். பல் முளைக்காதது ஒரு காரணமே இல்லை, ஈறு போதும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்கும் எதையும் ஈறு நசுக்கும். விரல் நீளத்தில் வெந்த கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நெய் தடவிய மெத்தென்ற தோசைத் துண்டு எல்லாம் சரி. இட்லியை வெறுமனே கொடுத்தால் வாயில் உருண்டையாகத் திரண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே பருப்புத் தண்ணீரிலோ காரமில்லாத ரசத்திலோ நனைத்துக் கொடுங்கள்.

கட்டி வந்ததும் குழந்தை ஓங்கரிக்கும். முகம் சிவக்கும், சத்தம் வரும், கண்ணில் நீர் வரும், தானே வெளியே தள்ளும். இது ஆபத்தல்ல, கையை விட்டுத் தோண்டினால்தான் உள்ளே போய் அடைக்கும். உண்மையான அடைப்பில் சத்தமே இருக்காது. இருமவும் அழவும் முடியாமல் உதடு நீலமாகும். அப்போது தலையில் தட்டுவதும் காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்குவதும் வேண்டாம். முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்புக்கு நடுவில் முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். பொருள் வரும்வரை மாறி மாறி. இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். முழுத் திராட்சை, சுண்டல், தேங்காய்ப் பத்தை, பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, முறுக்கு, பாப்கார்ன் இவை வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அன்பாக நீட்டும் ஆபத்துகள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கினால் போதும்.

உப்பு ஒரு வயதுவரை வேண்டாம், சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் இரண்டு வயதுவரை. பசும்பால் ஒரு வயதுக்கு முன் முக்கியக் குடிபானமாகக் கூடாது. தயிர் எட்டாம் மாதத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். டீயில் தொட்ட பிஸ்கட் இரண்டு வகையில் கெடுதல்: சர்க்கரை ஒன்று, இரும்புச்சத்தைச் சேரவிடாத டீ மற்றொன்று. உரைமருந்து, வசம்பு, ஜாதிக்காய் பற்றிப் பாட்டிகளோடு சண்டை வரும். ஜாதிக்காய் உரசலில் குழந்தை "நல்லாத் தூங்குது" என்றால் அது மயக்கம்தான்; இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சோறு பிசைவது, நெய் விடுவது, பதம் பார்ப்பது இவற்றில் பாட்டிகளின் கை நம் கையைவிடத் தேர்ந்தது. அந்தப் பொறுப்பை முழுவதும் அவர்களிடம் கொடுத்துவிட்டால் மற்றதில் இணங்கிப் போவார்கள்.

புதிய காயை முதன்முறை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளிப்பது பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. எட்டுப் பத்து முறை, சில காய்களுக்குப் பதினைந்து முறைகூட, சில நாள் இடைவெளியில் ஒரு தேக்கரண்டி வைத்துப் பார்க்க வேண்டும். பாகற்காய், வெந்தயக்கீரை போன்றவற்றைப் பருப்போடு கலந்து தொடங்கலாம். பழத்தோடு கலந்து சுவையை மறைத்தால் குழந்தை பழத்தைத்தான் பழகும். தலையைத் திருப்பினால், வாயை இறுக்கினால் நிறுத்திவிடுங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், கைபேசியைக் காட்டி வாய் திறக்கும் நேரத்தில் திணிப்பதும் அந்த வேளைக்கு வேலை செய்யும். வயிறு நிறைந்ததை உணரும் பழக்கம் கெட்டுவிடும். காக்கா, நிலா காட்டுவதில் தவறில்லை, ஆனால் தெருவெல்லாம் நடந்து ஒரு மணி நேரம் ஊட்டுவது வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் 20, 30 நிமிடத்தில் முடியாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிடலாம்.

இணை உணவு தொடங்கிய முதல் மாதத்தில் பல குழந்தைகளுக்கு மலச்சிக்கல் வரும். நேந்திரங்காய்ப் பொடி, வேகவைத்த ஆப்பிள், அரிசிக் கூழ் இவை இறுக்கும். பப்பாளி, பேரிக்காய், இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய உலர்திராட்சை இளக்கும். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நான்கைந்து மடக்கு, சங்கிலோ சின்ன டம்ளரிலோ. வாழைப்பழம் சாப்பிட்ட மறுநாள் மலத்தில் கறுப்பு நூல் போலத் தெரியும், புழு அல்ல. பீட்ரூட் சிவப்பாக வரும், கீரை பச்சையாக. வெள்ளையாகவோ, ரத்தமும் சளியுமாகவோ போனால்தான் மருத்துவர்.

கிண்ணத்தில் மீந்த கூழ் அரை மணியில் தண்ணீராகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டி வழியே போன எச்சிலில் உள்ள அமைலேஸ்தான் காரணம், கூடவே கிருமிகளும் போயிருக்கும். அதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. சாப்பிடும் அளவை வேறு கிண்ணத்தில் மாற்றிக்கொண்டு ஊட்டுங்கள். பயணத்தில் ஃபிளாஸ்க்கில் கூழ் கொண்டுபோவதும் தவறு. இளஞ்சூட்டில் நான்கு மணி நேரம் இருந்தால் அது கிருமி வளர்க்கும் பாத்திரம்தான். ஃபிளாஸ்க்கில் கொதித்த நீரும், தனியே வாழைப்பழமும், வறுத்துப் பொடித்த அவலும் எடுத்துப் போனால் தேவைப்படும் நேரத்தில் கலந்துகொள்ளலாம். சமைத்தது வெளியே இரண்டு மணி நேரம், கோடையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் குழந்தை சாப்பாட்டைத் தள்ளும். தாய்ப்பாலை அதிகமாக்கி, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அதே கெட்டிப் பதத்தில் கொடுங்கள். "வயித்துக்கு ஓய்வு" என்று பட்டினி போடவோ கஞ்சித் தண்ணீருக்கு இறங்கவோ வேண்டாம். சரியான பிறகு இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக வைத்தால் இழந்த எடை திரும்பும். ஒரு வயது நெருங்கும்போது தனிச் சமையலே தேவைப்படாது. சாம்பாரில் பருப்பும் காயும் வெந்ததும், உப்பும் மிளகாய்ப்பொடியும் புளியும் போடுவதற்கு முன்னால் இரண்டு கரண்டி தனியே எடுத்து, சோற்றோடு பிசைந்து நெய் விட்டால் குழந்தையின் மதியச் சாப்பாடு தயார்.